லின் ஆன்ட்டியும் ‘ஹார்ட்லி’யும்

எங்கள் முன்னறையில் கிராம்புத் தைலம் மணந்தால் லின் ஆன்ட்டி வந்திருக்கிறார் என்று பொருள். மெட்ராஸை ஒட்டிய அஸ்தினாபுரத்தில் அடுத்த தெருவில் குடியிருந்த சீனப் பல் டாக்டரின் மனைவி அவர். டாக்டர் மெட்ராஸிலேயே பிறந்து வளர்ந்து, எங்களைவிடச் சரளமாக ‘மெட்ராஸ் பாஷை’ பேசுபவர். ஆன்ட்டியோ கல்யாணமாகி ஹாங்காங்கிலிருந்து வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில், இங்கே தங்கும் அனுமதியை நீட்டிப்பதற்கு முன் அதிகாரி ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார் என்று தெரிந்ததும், பள்ளியில் ஆங்கிலம் நடத்திய என் அம்மாவிடம் மாலைதோறும் பாடம் கேட்க வந்தார். “இங்க இங்கிலீஷ் மட்டும்தான்” என்பது அம்மாவின் கண்டிப்பு.

எல்லாம் வந்தது, ‘ஹார்ட்லி’ மட்டும் வரவில்லை. கணவர் கடுமையாக உழைக்கிறார் என்று சொல்ல நினைத்து, ‘ஹீ வொர்க்ஸ் ஹார்ட்லி’ என்பார். எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை. அம்மா என்னிடம், “பாடுபட்டு உழைக்கிறார்னா ஹார்ட். ஹார்ட்லின்னா உழைக்கறதே இல்லேங்கற மாதிரிடி” என்றாள். அனுமதி கிடைக்காவிட்டால் ஆன்ட்டியைக் கப்பலேற்றி விடுவார்களோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதிகாரியைப் பார்க்க வேண்டிய நாளில் என்னையும் கூட்டிக்கொண்டுதான் மின்சார ரயில் ஏறினார்கள். “பதறாத காரியம் சிதறாது” என்று சொல்லிக்கொண்டே வந்த அம்மாதான் ஆன்ட்டியின் காகிதங்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள்.

கணவரைப் பற்றி அதிகாரி கேட்டதும் ஆன்ட்டி நிமிர்ந்து, ‘ஹீ வொர்க்ஸ் ஹார்ட். ஐ ஹார்ட்லி சீ ஹிம்’ என்றார். கடுமையாக உழைக்கிறார், நான் அவரைப் பார்ப்பதே அரிது. இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. அதிகாரியின் பேனா நின்றது.

“இன்னாம்மா, ரெண்டு பேரும் சேந்து வாழலியா?” என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

ஆன்ட்டிதான் பேசினார். “வூட்லதான் கீறாரு சார். காலீல போனா ராத்திரிதான் வர்றாரு. பல்லு புடுங்கவே நேரம் சரியா கீது.”

அம்மாவும் நானும் அவர் தமிழ் பேசி அன்றுதான் கேட்டோம்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். “இந்தத் தமிழ் யார்கிட்ட கத்துக்கினே?”

“அவர்கிட்டதான் சார். வேற யாரு கீறாங்க எனக்கு?”

அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

தொண்ணூறுகளில் அவர்கள் வெளிநாடு போய்விட்டார்கள். அம்மாவும் இப்போது இல்லை. போன மாதம் அந்தத் தெருப்பக்கம் போனேன். அவர்கள் வீடிருந்த இடத்தில் நான்கு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. வாசலில் நின்றவரிடம், இங்கே ஒரு சீன டாக்டர் குடும்பம் இருந்ததே என்றேன்.

“சீனாக்காரங்களா? இங்கயா?” என்று கேட்டுவிட்டு, அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.