நேரம் தெரியாத கொம்பியூட்டர்

பெரியப்பாவின் கொம்பியூட்டர் தன் ஹார்ட் டிஸ்க்கை மறந்துபோனபோது எனக்கு ஒன்பது வயது. டிஸ்க் எங்கும் போய்விடவில்லை. பெட்டிக்குள்தான் இருந்தது, சுற்றவும் செய்தது. கொம்பியூட்டரின் கண்ணுக்குத்தான் அது படவில்லை. சுவிட்சைப் போட்டால், டிஸ்க் எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போன பெரியப்பா திரும்பி வராமல் சில வருடங்கள் ஆகியிருந்தன. யுத்தகாலத்தில் நடந்தது. அவரை இறந்தவர் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்வதில்லை. இருக்கிறார் என்றும் சொல்வதில்லை. அவருடைய பழைய படங்களைச் சுனாமியில் கடல் கொண்டுபோயிருந்தது. பிறகு எடுத்தவை அந்தப் பெட்டிக்குள் மட்டுமே இருந்தன. அதனால்தான் நகரத்தில் கொம்பியூட்டர் படித்த என் மாமா, அம்மாவின் தம்பி, பழுகாமத்திலிருந்து தேற்றாத்தீவில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் புறப்பட்டார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டேன்.

மாமா பெட்டியைத் திறந்தார். உள்ளே தூசியும் பல்லி முட்டைகளும். வயரைக் கழற்றி மாட்டினார், வேறு வயர் போட்டுப் பார்த்தார். பலனில்லை. கடைசியில் ஏதோ ஒரு விசையை அழுத்தி நீலத்திரை ஒன்றுக்குள் போனவர் சிரித்தார்.

“பற்றரி செத்துத்து அக்கா. அதான் எல்லாத்தையும் மறக்குது. இப்ப என்ன வருசம் எண்டே இதுக்குத் தெரியா.”

அரிசி கழுவிக்கொண்டிருந்த பெரியம்மா ஈரக்கையோடு வந்தார்.

“எந்த வருசம் காட்டுது?”

மாமா சொன்னார். நேரத்தையும் சொன்னார்: ஜனவரி முதலாம் திகதி, இரவு பன்னிரண்டு மணி. சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்; சிரிப்பு நின்றுவிட்டது. பெரியப்பா போனது அந்த வருடப் பொங்கலுக்குப் பிறகு.

“அதுக்குப் பிறகு நடந்ததொண்டும் இதுக்குத் தெரியாதா தம்பி?”

“தெரியாக்கா.”

நாணயமளவான புதுப் பற்றரி ஒன்றை வாங்க மாமா களுவாஞ்சிகுடிக்குப் போனார். நானும் பெரியம்மாவும் நீலத்திரையின் முன்னால் இருந்தோம். நல்ல பகல், வெளியே வெயில் கொளுத்தியது. திரையில் மட்டும் நள்ளிரவு கடந்து வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் சும்மா இருக்க மாட்டாமல் மேசையில் தாளம் போட்டேன். பெரியம்மா என் கையைப் பிடித்தார்.

“சத்தம் போடாத புள்ள. பெரியப்பா படுத்திரிக்கார்.”

விளையாட்டாகச் சொல்லவில்லை. பால் வைத்த அடுப்பைப் பார்த்துக்கொள் என்பது போல, சாதாரணமாகச் சொன்னார். எழுந்து அறைக்குள் போய் மின்விசிறியைப் போட்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த அறையில் யாரும் படுப்பதில்லை என்பது எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கட்டில் கிறீச்சிட்டது, ஒருவர் புரண்டு படுப்பது போல. நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வேர்க்குது போல” என்றார்.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்வரை நான் அசையவில்லை.

மாமா பற்றரியைப் போட்டுச் சரியான திகதியைக் கொடுத்ததும் டிஸ்க் கண்ணுக்குப் பட்டுவிட்டது. படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மீசை வைத்த, கூச்சத்தோடு சிரிக்கும் ஒரு மனிதர். மாமா அவற்றைத் தன்னிடமிருந்த ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டே, “அக்கா, வந்து பாருங்க” என்றார். பெரியம்மா பார்த்தார். படத்தை அல்ல, திரை மூலையில் இருந்த அன்றைய திகதியை. பிறகு போய் அறையின் விசிறியை நிறுத்தினார்.

அடுத்த முறை நாங்கள் போனபோது டிஸ்க் மறுபடியும் காணாமல் போயிருந்தது. பற்றரி இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. எலி கொண்டுபோயிருக்கும் என்றார் மாமா. இன்னொன்று வாங்கிப் போட்டார். அதுவும் போயிற்று. பெரியப்பாதான் வந்து எடுக்கிறார் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது முறை, நீலத்திரை எரிந்துகொண்டிருக்கும்போதே நாங்கள் உள்ளே நுழைந்தோம். அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே விசிறி ஓடியது. பெரியம்மா வாயில் விரலை வைத்துக் காட்டினார். மாமா கதவைப் பார்த்தார், திரையில் நின்ற அந்தப் பழைய வருடத்தைப் பார்த்தார். சட்டைப்பையில் கொண்டுவந்த பற்றரியை வெளியே எடுக்கவேயில்லை.

“ஹார்ட் டிஸ்க் செத்துத்து அக்கா” என்றார், மெல்லிய குரலில். “இனி ஒண்டும் செய்ய ஏலா.”

நான் பெட்டியில் கை வைத்துப் பார்த்தேன். உள்ளே சுற்றுவது விரலில் தெரிந்தது.

“சாகல்ல மாமா, சுத்துது.”

“உனக்கு விளங்காது. வா, போவம்.”

திரும்பும் வழியில் மாமா பாலத்தில் வண்டியை நிறுத்தி வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்ததைக் கண்டேன். நகரத்தில் படித்தும் ஒரு பழைய கொம்பியூட்டரைத் திருத்தத் தெரியவில்லையே என்ற வெட்கமாக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே சொல்லியும்விட்டேன். மாமா மறுக்கவில்லை.