நான் வெட்டிய இரண்டு வரிகள்

நான் எழுதிய ஒரு பக்கத்தை நம்பி, எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்கா தன் ஒரு வருட உழைப்பை இழந்தார். தப்பு தன்னுடையது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். என்னுடையது என்று சொல்ல எனக்குப் பத்தொன்பது நாட்கள் ஆயின.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா பீடி சுற்றுகிறார். கையெழுத்துப் போட அவர் கற்றுக்கொண்டது என்னிடம்தான். கல்லூரி முடித்து, வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். அது போக, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு தரவுத்தளத்தின் கையேட்டைத் தமிழில் எழுதும் குழுவில் இருக்கிறேன். பெயர், தேதி, ஃபோன் நம்பர் என்று ஆயிரக்கணக்கான விவரங்களைச் சேர்த்துவைத்து, கேட்டதும் தேடித் தரும் மென்பொருள் அது. உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் முகம் தெரியாத ஆட்கள் சேர்ந்து அதை வளர்க்கிறார்கள். கையேட்டை எழுதியவர்கள் பட்டியலில் என் பெயர் வந்த அன்று அதைப் பிரிண்ட் எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்தார்.

ஆங்கிலக் கையேட்டில் இரண்டு பக்கத்துக்கு ஒரு தடவை எச்சரிக்கை என்று ஒரு பெட்டி வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் பள்ளியின் கம்ப்யூட்டர் அறை நினைவுக்கு வரும். செருப்பை வெளியே விட வேண்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் பூப்போட்ட துணியால் மூடி வைத்திருப்பார்கள். தொடாதே, கெட்டுப்போகும், உங்க அப்பாவா வாங்கித் தருவார் என்ற குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரைக்கும் நான் திரையைப் பார்த்ததைவிட அந்தத் துணியைப் பார்த்ததுதான் அதிகம். ஆகவே என் பக்கங்களில் யாரும் யாரையும் மிரட்டக் கூடாது என்று முடிவு செய்தேன். எச்சரிக்கைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

என் பக்கங்களைச் சரிபார்ப்பவர் வேறொரு ஊர்க்காரர், அந்தத் துறையில் பல வருட அனுபவம் உள்ளவர். ஒரே ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும், எச்சரிக்கைப் பெட்டியைக் காணோமே என்று கேட்டிருந்தார். விவரங்களை வேகமாக ஏற்றுவது எப்படி என்று சொல்லும் பக்கம் அது. வழக்கமாக இந்த மென்பொருள் ஒவ்வொரு விவரத்தையும் ஹார்ட் டிஸ்க்கில் பதித்த பிறகுதான் முடிந்தது என்று சொல்லும். மொத்தமாக ஏற்றும்போது அந்தக் காத்திருப்பை அணைத்து வைக்கலாம், வேகம் பல மடங்கு கூடும். பெட்டிக்குள் இருந்தது இரண்டே வரிதான். ஏற்றி முடித்ததும் திரும்ப இயக்கிவிடுங்கள் என்று ஒன்று. அணைந்திருக்கும்போது மின்சாரம் போனால் எல்லாமே கெட்டுப்போகலாம் என்று இன்னொன்று. எங்கள் ஊர் வாசகர்கள் எப்படிப்பட்டவர்கள், அவர்களை எப்படிப் பயமுறுத்தக் கூடாது என்று நான் அவருக்கு ஒரு பெரிய கடிதமே எழுதினேன். உங்களுக்குத்தான் உங்கள் வாசகர்களைத் தெரியும் என்று விட்டுக்கொடுத்தார். அன்றைக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த அக்கா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வீட்டுக்காரர் துபாயில். தன் தங்கச்சியின் பிரசவத்தின்போது ரத்தம் கிடைக்காமல் திருநெல்வேலி வரை அலைந்ததிலிருந்து, ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு வந்தார். லீவில் வரும் பட்டாளத்துக்காரர்கள், போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகும் பையன்கள், நெசவுக்காரர்கள் என்று நோட்டில் எழுதிய நாலு வருடப் பட்டியல். அதற்கு ஒரு வாட்ஸப் குழுவும் உண்டு. என் மகள் எழுதியதைப் படித்தால் போதும், நீயே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று அம்மாதான் அவரிடம் சொன்னார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அக்கா, என் பக்கங்களைப் பிரிண்ட் எடுத்து, கோடு போட்டுப் படித்து, யாரிடமும் கேட்காமல் முழுப் பட்டியலையும் ஏற்றிவிட்டார். அதன் பிறகு ஒரு வருடம், வெள்ளிக்கிழமை மதியம் கடையை அடைத்துவிட்டு கடையம் பக்கம் ஊர் ஊராகப் போய்ப் புதுப் பெயர்கள் வாங்கிவந்தார். யார் நம்பர் மாறியது, யார் எப்போது கடைசியாகக் கொடுத்தார்கள் என்று எல்லாவற்றையும் திருத்தினார். ஆட்களின் நம்பர் இருக்கும் தாள் கண்ட இடத்தில் கிடக்கக் கூடாது என்று, ஏற்றியதும் துண்டுச்சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிடுவார்.

இந்த வருடம் சாரல் தொடங்கிய வாரம் காற்றில் மரக்கிளை விழுந்து கரண்ட் போனது. வந்தது, திரும்பப் போனது. இரண்டாவது தடவை வந்தபோது அக்காவின் தரவுத்தளம் திறக்கவில்லை.

என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். அமைப்புகள் இருக்கும் கோப்பைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு வருடத்துக்கு முன்னால் அணைத்த அந்தக் காத்திருப்பு, அணைத்தபடியே இருந்தது. திரும்ப இயக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. வேறு நகல் இருக்கிறதா என்று கேட்டேன். முதலில் ஏற்றிய பழைய பட்டியல் மட்டும் பென் டிரைவில் இருந்தது. நகல் எடுப்பது பற்றிய பக்கத்தை நான் இன்னும் எழுதவே தொடங்கியிருக்கவில்லை.

"நீ சரியாத்தான் எழுதியிருப்ப. எனக்குத்தான் வெளங்கல. எங்கனயோ தப்பா அமுக்கிட்டேன் போல" என்றார் அக்கா.

கரண்ட் போனதால் வந்தது என்று சொன்னேன். அதில் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. வீட்டுக்கு வந்து அந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் சேர்த்தேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் எழுத ஓர் இடம் உண்டு. அதில் 'சொற்கள் சீரமைப்பு' என்று எழுதினேன். எந்த வரியை யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்பதை அங்கே யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அக்காவுக்கு மட்டும் அது தெரியாது.

அடுத்த வாரம் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஓ நெகட்டிவ் கேட்டு அழைப்பு வந்தது. பிரசவ கேஸ். நான் அப்போது கடையில்தான் இருந்தேன். அக்கா பழைய பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நம்பராக அடித்தார். ஒரு நம்பர் உபயோகத்தில் இல்லை. ஒருவர் சவூதி போய்விட்டார். ஒருவர் போன மாதம்தான் கொடுத்திருந்தார். போன வருடம் கடையத்தில் பிடித்த இரண்டு ஓ நெகட்டிவ்காரர்களின் முகம் நினைவிருக்கிறது, நம்பர் இல்லையே என்று அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்று மணி நேரம் கழித்து திருநெல்வேலியிலிருந்து ஒருவர் வந்து கொடுத்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பிழைக்காமல் போயிருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் ரத்தம் கொடுப்பவர்கள் குழுவில் இருக்கும் ரிட்டையர்டு பட்டாளத்து அண்ணாச்சி கடைக்கு வந்தார். "நோட்டுப் போதும்னு அன்னைக்கே சொன்னேம்லா. பத்தாங்கிளாஸ் படிச்சிட்டு கம்ப்யூட்டர் தட்டுதாளாம்" என்று சிரித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சார்ஜர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். எனக்கும் சேர்த்து அந்த அவமானத்தை அக்கா தனியாக வாங்கிக்கொண்டார். பட்டியல் வேலையை இனி படித்தவர்கள் யாராவது பார்க்கட்டும் என்று குழுவில் குரல் பதிவு போட்டுவிட்டு விலகினார். அப்போதும் நான் பேசவில்லை. படித்த பெண் என்று இந்தத் தெரு என்னைப் பார்க்கும் பார்வை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

சீசன் நாட்களில் ஐந்தருவியில், வண்டிகள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் குழு ஒரு மேஜை போடும். ரத்தம் கொடுக்கச் சம்மதிப்பவர்களின் பெயர் எழுதிக்கொள்வதற்கு. குழுவை விட்டு விலகினாலும் ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்திருந்தார். வேலை பார்க்க இல்லை, நனைந்து வருகிறவர்களுக்குச் சுக்குக்காப்பி ஊற்றிக் கொடுக்க. பெயர் எழுதும் நாற்காலியில் ஒரு காலேஜ் பெண் இருந்தாள். அக்கா அவள் பக்கமே திரும்பவில்லை. நான் அவரைச் சிப்ஸ் கடைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொன்னேன். இரண்டு வரி இருந்தது, வெட்டியது நான், கேட்டவரோடு வாதாடி வெட்டினேன், பிறகு யாருக்கும் தெரியாமல் சேர்த்தேன் என்று ஒன்று விடாமல்.

அக்கா கையில் இருந்த காப்பித் தூக்கின் மூடியைத் திருகினார்.

"எப்ப தெரியும் ஒனக்கு?"

"அன்னைக்கே, கோப்பத் தொறந்ததும்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் வெலகியிருக்க மாட்டேம்லா. அண்ணாச்சி பேசும்போது நீ அங்கனதான இருந்த?"

இருந்தேன் என்றேன்.

"எனக்குச் சொல்லி என்ன செய்ய? அவுகளுக்குச் சொல்லு."

மன்னிப்பு என்ற சொல்லை நான் மூன்று தடவை சொன்னேன். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆகவே அங்கேயே நின்று குழுவில் எழுதினேன். என் கையேட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தபடியே அக்கா செய்தார், அதில் பிழை இல்லை, பிழை நான் எழுதியதில் இருந்தது என்று. சாரல் விழுந்து திரை நனைந்ததால் இரண்டு தடவை துடைத்துத் துடைத்து எழுத வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து கையேட்டின் திருத்தக் குறிப்பிலும் நடந்ததைச் சொன்னேன். சரிபார்ப்பவர் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார். எல்லோருக்கும் நடப்பதுதான், வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி என்றார். அவர் அவ்வளவு சுலபமாக மன்னித்தது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் எதையும் இழக்கவில்லையே.

அண்ணாச்சி குழுவில் ஒரு கும்பிடு பொம்மை மட்டும் போட்டார். மறுநாள் கடைக்குப் போய் அக்காவைத் திரும்ப வரச்சொல்லிக் கூப்பிட்டாராம். இரண்டு வாரம் இழுத்தடித்துவிட்டு அக்கா வந்தார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் நானும் கடையத்துக்குப் போகிறேன்.

என் பக்கங்களை அவர் இன்னும் படிக்கிறார். ஆனால் முன்பு மாதிரி படித்ததும் செய்வதில்லை. முதலில் எனக்கு ஃபோன் செய்கிறார். இதுல எதையும் விட்டுட்டு எழுதியிருக்கியா என்று கேட்கிறார். நான் ஆங்கிலப் பக்கத்தைப் பக்கத்தில் திறந்துவைத்து, அவர் காத்திருக்க, வரிக்கு வரி ஒப்பிட்டுச் சொல்கிறேன். போன வாரம் நகல் எடுக்கும் பக்கத்துக்குக் கேட்டார். நான் எழுதி முடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒரு குறிப்பைத் தேவையில்லை என்று விட்டிருந்தது தெரிந்தது. ஒன்று விட்டிருக்கிறேன் அக்கா என்றேன்.

"சரி, அத எழுதிட்டுக் கூப்பிடு" என்று வைத்துவிட்டார்.