ரத்தக்குழாயில் ஒட்டிய பச்சை வெளிச்சம்

என் ஆராய்ச்சியை வீட்டில் யாருக்கும் விளக்கி நான் ஜெயித்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்துகளில் மருந்தை ஏற்றி, ரத்தக்குழாயில் நோயுள்ள இடத்தில் மட்டும் ஒட்டவைக்க வேண்டும். எவ்வளவு உறுதியாக ஒட்டுகிறது என்று அளக்க வேண்டும். துகளில் பச்சையாக ஒளிரும் சாயம் இருக்கும். உப்புநீரில் அலசிய பிறகும் பச்சை மிஞ்சினால் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

என் பாழாய்ப்போன துகள்களோ, அலசியதும் விட்டால் போதும் என்று ஓடின. "இந்தத் தடவையும் ஒட்டலேன்னா தலைப்ப மாத்திருவோம்மா" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை அண்ணாச்சியிடம் ஆட்டின் பெரிய ரத்தக்குழாய் கேட்டேன். "கொழம்புக்கு அது ஆவாதும்மா" என்று வருத்தப்பட்டுக்கொண்டே கட்டிக் கொடுத்தார். கல்லூரி பூட்டியிருந்ததால் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

மறுநாள் குழாயின் உள்தோலைச் சுரண்டி, நோயுற்றதுபோல் ஆக்கி, துகளைப் போட்டு, அலசி, நீல ஒளியில் வைத்தேன். அம்மாடி! பாளையங்கோட்டை தசராச் சப்பரம் மாதிரி மின்னியது. மறுபடி அலசினேன், அசையவில்லை. பேராசிரியர் பக்கத்து அறைக்காரர்களையெல்லாம் இழுத்துவந்து காட்டினார். வாழைக்காய் பஜ்ஜி வந்தது. நான் அழுதேவிட்டேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் துகளே போடாமல் ஒரு துண்டு வைத்திருந்தோம். பஜ்ஜியைக் கடித்தபடி பேராசிரியர் அதையும் எடுத்துப் பார்த்தார். அது இன்னும் அதிகமாக மின்னியது.

"ஏம்மா, போடாத துகளும் ஒட்டுதே! பெரிய கண்டுபிடிப்புல்லா!"

எனக்கு வீட்டு ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்தது. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ம்மா, ஃப்ரிட்ஜுல இருந்த குழாய என்ன செஞ்ச?"

"பச்சக் கறிய மஞ்சப்பொடி போட்டுப் பெரட்டாம ஆராவது வைப்பாவளா? பெரட்டிட்டு நல்லா கழுவித்தான் வச்சேன். ஏட்டி, கெட்டா போச்சு?"

மஞ்சளும் நீல ஒளியில் பச்சையாக ஒளிரும், உப்புநீருக்கெல்லாம் அசையாது. சிரித்த சிரிப்பில் பேராசிரியருக்குப் புரையேறியது. "சரி, இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு தாரேன்" என்றார்.

அடுத்த குழாயை அம்மா கண்ணிலேயே காட்டவில்லை. துகள் போடாத துண்டை முதலில் பார்த்தோம், கிட்டத்தட்ட இருட்டு. துகள் போட்டதை அலசி வைத்தேன். மங்கலாக ஒரு பச்சை.

பேராசிரியர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "கொஞ்சந்தாம்மா ஒட்டியிருக்கு. ஆனா இது நெசம். தலைப்ப மாத்த வேண்டாம்."

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு இன்னொரு தரம் அலசினேன். போகவில்லை. கை வலிக்க வலிக்க அலசினேன். சனியன், போகவே இல்லை!