எதிர்வீட்டு மிச்சம்

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு முதன்முதலில் ஃப்ரிட்ஜ் ஏற்றியவன் நான். நாலு ஆள் தூக்கி, படிக்கட்டுத் திருப்பத்துக்குத் திருப்பம் மூச்சு வாங்கி, கொண்டுவந்து இறக்கினார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தவன் இன்று மூன்று டயர் கடைக்கு முதலாளி. சும்மா வந்ததா? ஆனால் என் கதையைத் தொடங்கினால் நோட்டு போதாது. இப்போது எழுத உட்கார்ந்தது எதிர்வீட்டுத் தையல்காரரைப் பற்றி.

அவருக்கு மிச்சம் என்று பெயர் வைத்ததும் நான்தான். எதைப் பற்றிப் பேசினாலும் "அதுல இவ்வளவு மிச்சம்ண்ணே" என்று முடிப்பார். கட்டடம் முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவரும் கோபிக்காமல் திரும்பிப் பார்ப்பார்.

பெரிய துணிக்கடை ஒன்றின் பின்பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைக்கு இவ்வளவு, பேன்ட்டுக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்தார். எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஷட்டர் போட்ட சின்ன அறை ஒன்று உண்டு. அது காலியாகும் நாளில் வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகக் கடை போட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அட்வான்ஸுக்காக ஆறு வருஷம் சேர்த்தார். வயிற்றைக் கட்டிச் சேர்த்தார் என்று சொன்னால் அது பொய். மகளுக்குப் பாலும் முட்டையும் ஒருநாளும் குறைந்ததில்லை. நான் போனாலும் டம்ளர் நிறையத்தான் டீ. மற்ற எல்லாவற்றிலும் கையை வைத்தார்.

பாத்திரம் நன்றாகக் கொதித்ததும் அடுப்பை அணைத்து, மூடி போட்டு, பழைய கம்பளித் துணியைச் சுற்றிவிடுவார். மீதி தானாக வேகும். இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் கைக்குட்டைகளை எடுப்பார்; அடங்குகிற சூடு அவற்றுக்குப் போதும். பற்பசைக் குழாயைத் தையல் கத்தரியால் நெடுக வெட்டி இன்னும் நாலு நாள் ஓட்டுவார். என் சட்டைக் காலர் நைந்தால் பிரித்துத் திருப்பிப் போட்டுத் தைத்துக் கொடுப்பார். என் சட்டைகள் எல்லாமே இரண்டு ஆயுள் வாழ்ந்தவை.

நான் ஃப்ரிட்ஜ் வாங்கிய வாரமே வந்து நின்றார்.

"அண்ணே, வாஷிங் மெஷின் வாங்குற யோசனை இருக்கா?"

"அடுத்த மாசம் வாங்கலாம்னு இருக்கேன். ஏன்?"

"நீங்க வாங்காதீங்க. நான் வாங்குறேன். நான் ஃப்ரிட்ஜ் வாங்கல. எங்க பாலும் காயும் உங்க வீட்டுல இருக்கட்டும், உங்க அழுக்கு எங்க வீட்டுக்கு வரட்டும். ஆளுக்கு ஒரு மெஷின் மிச்சம்ண்ணே."

என் மனைவி அடுப்படியிலிருந்தே சரி என்றாள். ஆளுக்கொரு சாவி மாற்றிக்கொண்டோம். அதன்பிறகு ஏணி அவருடையது, டிரில்லிங் மெஷின் என்னுடையது. பேப்பர் அவர் வாங்குவார், படிப்பது இரண்டு வீடும். இப்படியே ஆறு வருஷம் ஓடியது.

ஆறாவது வருஷக் கடைசியில் அந்த ஷட்டர் அறை காலியானது. அதன் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற சர்வேயர், கீழ்வீட்டிலேயே இருப்பவர். எதையும் அளந்து பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார். தையல்காரர் போய்க் கேட்டதும், "ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடித் தொட்டியைக் கழுவினோம். ஆள் வைக்காமல் நாங்களே கழுவுவது வழக்கம். சர்வேயர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் யாரோ, "மிச்சம், வீட்டுல ஜில்லுனு தண்ணி இருந்தா கொண்டாயேன்" என்றார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அவர் வீட்டுல ஏதுப்பா ஜில்லு? அவங்க குடும்பத்துக்கே குளுமை என் வீட்டு ஃப்ரிட்ஜ்தான். நான் இல்லேன்னா அவங்க பால் அன்னன்னைக்கே திரிஞ்சிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரரும் சிரிப்பது போல உதட்டை இழுத்தார். சர்வேயர் மட்டும் சிரிக்கவில்லை.

மாலையில் அவரிடமிருந்து பதில் வந்தது. ஒரு ஃப்ரிட்ஜ் வாங்க வழியில்லாதவர் மாதாமாதம் வாடகை எப்படிக் கொடுப்பார், வேறு ஆள் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். தையல்காரர் நேராக என் வீட்டுக்கு வந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்து தன் பால் பாக்கெட்டையும், பாதி முட்டைக்கோஸையும், மீன் டப்பாவையும் எடுத்தார். என் வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்தார்.

"தம்பி, நான் விளையாட்டுக்குத்தான்..."

"தெரியும்ண்ணே. உங்களுக்கு விளையாட்டு."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். அறைந்து சாத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

என் மனைவி அழுக்குக் கூடையைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

"இந்தாங்க. நீங்களே துவைங்க."

"நானா?"

"பின்னே? உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கியிருந்தா ரெண்டு வீட்டுக்கும் எவ்வளவு மிச்சமாயிருக்கும்."

மூன்று நாள் துவைத்தேன். லாரி டயரை ஒற்றை ஆளாகப் புரட்டியவன் நான். இரண்டு போர்வையைப் பிழிவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. எதிர்வீட்டில் தையல்காரர் மனைவி வேளைக்கு ஒருதரம் கீழே இறங்கிப் பால் வாங்கி வந்தார். படிக்கட்டில் எதிரே வந்தால் அந்தத் தங்கச்சி சுவரைப் பார்க்கும், நான் கைப்பிடியைப் பார்ப்பேன்.

நாலாம் நாள் தங்கச்சி என் மனைவியை எங்கள் மாடிக் குழாயடியில் பிடித்துக்கொண்டது. உள்ளே இருந்த எனக்கும் காதில் விழுந்தது.

"அக்கா, இவர் நாளைக்குக் காலைல ஃப்ரிட்ஜ் வாங்கப் போறாரு. சேத்து வச்ச அட்வான்ஸ் மொத்தமும் போயிரும்க்கா."

"நீ சொல்லிப் பாக்கலையா?"

"சொன்னேன். 'நம்ம வீட்டுலயும் ஒண்ணு நிக்கட்டும், அப்புறம் எவன் பேசுறான்னு பாக்குறேன்'ங்குறாரு. இந்த மனுஷன் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லக்கா."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். வங்கி மேனேஜர் முன்னால்கூடக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தவன் நான். சர்வேயர் வீட்டில் நாற்காலி காட்டியும் உட்காரவில்லை.

"சார், எங்க வீட்டுல வாஷிங் மெஷின் கிடையாது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"ஆறு வருஷமா என் துணியெல்லாம் அந்தத் தையல்காரர் வீட்டுலதான் துவைச்சேன். ஏணி அவருது. நான் படிக்குற பேப்பர் அவர் வாங்குறது. இந்தக் காலர்கூட அவர் திருப்பித் தைச்சதுதான்."

சர்வேயர் எழுந்து வந்து என் காலரைப் புரட்டிப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார். தையல் வரிசையின் மேல் விரலை ஓட்டினார்.

"சரி, உங்களுதுன்னு என்னதான் இருக்கு?"

"ஃப்ரிட்ஜும் இந்த வாயும்தான் சார். அவர் வாங்க முடியாம வாங்காம இல்ல. வேண்டாம்னு விட்டார். அட்வான்ஸ் முழுசும் கையில வச்சிருக்கார். நாளைக்கு விட்டீங்கன்னா அது ஃப்ரிட்ஜாயிரும்."

அவர் செருப்பைத் தேடினார். முழங்கால் வலி என்று இரண்டு வருஷமாக மொட்டைமாடி வேலை நாள் தவிர மற்ற நாளில் படியேறாதவர், ஒவ்வொரு படியாக ஏறி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். நான் என் வீட்டுக்குள் போய்க் கதவை ஒரு விரல்கடை திறந்து வைத்துக்கொண்டேன்.

"ஃப்ரிட்ஜ் வாங்காதீங்க. அட்வான்ஸ் கொடுங்க. ஒண்ணாம் தேதி சாவி வாங்கிக்கலாம்."

"யார் சார் சொன்னது?"

"எதிர்வீட்டுக்காரர். தன்கிட்ட ஒண்ணுமே இல்லேன்னு சொன்னார்."

"அவரா?" என்றார். "அவர் வாயாலயா?"

தையல்காரர் சிரித்த சிரிப்பு படிக்கட்டு முழுக்கக் கேட்டது. என் மனைவி கதவை அகலத் திறந்து என்னை வெளியே தள்ளினாள்.

ஒன்றாம் தேதி காலையில் ஷட்டர் ஏறியது. பேன்ட் துணியோடு போய் நின்றேன். இடுப்பில் டேப்பை ஓட்டிவிட்டு, "ரெண்டு இஞ்ச் கூடியிருக்குண்ணே" என்றார்.

"கூலி எவ்வளவு தம்பி?"

சொன்னார். பெரிய கடையைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது.

"எதிர்வீட்டுக்காரனுக்கே இந்த விலையா?"

"நம்ம கூட்டு மூணாவது மாடியோட சரிண்ணே. இங்க கூலி கூலிதான்."

பேரம் பேசாமல் முழுசாகக் கொடுத்தேன். அந்தக் கடையில் முதல் கூலி கொடுத்தவன் நான்தான். சந்தேகம் இருந்தால் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.