டிரைவருக்கு எதுக்கு ரூம்?

மகள் ஆசைப்பட்ட தீம் பார்க் ரிசார்ட்டில் ஒருநாள் தங்கலாமா என்ற யோசனையோடு திண்டுக்கல்லில் ஒரு டிராவல்ஸுக்குப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் வேடசந்தூர் மில் முதலாளி ஒருவர். வெள்ளைச் சட்டை, தங்கக் காப்பு. விரலில் எச்சில் தொட்டுத் தொட்டு அதே ரிசார்ட்டின் அறைப் படங்களைப் புரட்டியவர், இருப்பதிலேயே விலை கூடிய அறையை மூன்று நாளுக்குப் பேசி முடித்தார்.

"டிரைவருக்கும் ரூம் போடவா அய்யா?" என்று கேட்டாள் கவுன்டர் பெண்.

"அவனுக்கு எதுக்கு? கார்லயே படுத்துக்கிருவான்."

டிரைவர் அவர் பின்னால்தான் நின்றார். அறுபது வயதிருக்கும். சரியென்று தலையாட்டினார்.

முதலாளி என்னிடம் திரும்பி, "நீங்களும் போயிட்டு வாங்க சார். பிள்ளைக சிரிப்புக்கு முன்னாடி காசென்ன காசு?" என்றார். சொல்லும்போதே அவர் கண் கலங்கியது.

அறை எடுக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கண்ணீர் பொய்யில்லை என்பதைத்தான் இன்றுவரை சகிக்க முடியவில்லை.