வாய் மூடியிருந்ததன் காரணம்

மகன் கட்டியது ஓர் இங்கிலாந்துப் பிள்ளையை. ஞாயிற்றுக்கிழமைகளில் வின்டர்தூர் நகரில் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. ஒரு முறை அவள் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"என்னவாம் தம்பி?" என்று மகனைக் கேட்டேன்.

"நீங்கள் மிஸ்டீரியஸாம் அம்மா. மர்மமான ஆளாம். புகழ்ந்துதான் சொல்லுறா."

அந்தச் சொல்லை மறக்காமல் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மறுநாள் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் முறை எனக்கு. மேல்வீட்டுக் கிரேக்கக்காரியும் வந்தாள். இருவரும் அரைகுறை ஜெர்மனில் கதைப்போம். சொல்லைக் கேட்டதும் அவளுக்கு ஒரே புளுகம்; முகமெல்லாம் சிரிப்பு.

"அது எங்கட சொல்லு!"

கண்ணை மூடி, இரண்டு விரலால் உதட்டைப் பொத்திக் காட்டினாள். மூடுவது என்பதுதான் அதன் வேராம். பழைய காலத்தில் கோயிலுக்குள் இரகசியமாகக் கண்டதை வெளியே சொல்லாமல் இருந்தவர்களால் வந்ததாம்.

"உன்னட்டை என்ன இரகசியம் இருக்கு?" என்று கேட்டாள்.

ஒன்றுமில்லை. சாப்பாட்டு மேசையில் அவர்கள் ஆங்கிலத்தில் கதைப்பது எனக்கு விளங்குவதில்லை. அலுவலகங்கள் துடைத்துப் பிள்ளையைப் படிப்பித்தவள் நான்; விளங்கவில்லை என்று சொல்ல மனம் இடம் கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அதை மருமகளிடம் சொல்லிவிடுவோம் என்று போனேன். மகன் அடுப்படியில் நின்றான். அவள் பக்கத்தில் வந்து இருந்து, என் கையைப் பிடித்து ஏதோ கேட்டாள். மறுமொழிக்குக் காத்திருந்தாள். விளங்கவில்லை என்பதற்கும் ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியாது. சிரித்தேன்.

அவள் அடுப்படிப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னதில் மிஸ்டீரியஸ் மட்டும் எனக்கு விளங்கியது.