பதிவேட்டில் என் பெயர்

மூன்று வருடம் இருக்கும். குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்திருந்த நேரம். தென்காசியில் ஒரு நோட்டரி வக்கீல் மீதான விசாரணைக்குப் போயிருந்தேன். புகார் கொடுத்ததே நான்தான்.

இலத்தூரில் இருக்கும் என் அக்கா, கணவரை இழந்தவர். குடியிருக்கும் வீட்டை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. அந்த வீட்டைக் கொழுந்தன் பெயருக்கு மாற்ற அக்காவே சம்மதித்ததாக ஒரு பத்திரம் முளைத்தது. 'என் முன்னிலையில் கையெழுத்திட்டார்' என்று அந்த வக்கீல் முத்திரை போட்டிருந்தார். அந்தத் தேதியில் அக்கா கால் ஒடிந்து கட்டிலில் கிடந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த ஆளின் முத்திரையைப் பிடுங்காமல் விடமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

விசாரணையில் அவர் அசரவில்லை. 'அந்தம்மா காரில் வந்தார், ஆளைப் பார்க்காமல் நான் ஒருநாளும் முத்திரை போட்டதில்லை' என்று சாதித்தார். அவருடைய பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த அதிகாரி, ஒரு பக்கத்தில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது உங்க பேர்தான? அன்னைக்கு நேர்ல வந்தீங்களா?"

மகளின் கல்லூரிக்காக வாங்கிய உறுதிமொழிப் பத்திரம் அது. நான் அப்போது பட்டாளத்தில், ராஜஸ்தானில் இருந்தேன். கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்ப, மனைவி போய் முத்திரை வாங்கி வந்தாள். லீவு கேட்டு அலையாமல் வேலை முடிந்ததே என்று இதே வக்கீலைப் போனில் புகழ்ந்தவன் நான். இப்போது 'வந்தேன்' என்று சொன்னால் அவர் தப்பிப்பார், அக்காவின் வீடு போகும். 'வரவில்லை' என்று சொன்னால் நானும் மாட்டுவேன்.

பக்கத்தில் நின்றிருந்த, விஷயம் தெரியாத அக்கா, "என்னலே முழிக்கே? சொல்லு" என்றார்.

"வரல சார்" என்றேன். அதிகாரி எழுதிக்கொண்டார்.

வெளியே படியிறங்கும்போது அந்த வக்கீல் அருகில் வந்தார். "அண்ணாச்சி, ஒங்க பேப்பருக்கும் நான் ஆளப் பாக்கலியே. அன்னைக்கு மட்டும் நான் நல்லவனாத் தெரிஞ்சேனோ?"

சில மாதங்களில் நோட்டரி பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கி உத்தரவு வந்தது. வீடு அக்காவிடமே இருக்கிறது. மகளின் கல்லூரிக்குப் போய் நடந்ததைச் சொல்லி, வேறொரு நோட்டரி முன் நானே நின்று புதுப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன்.

அந்த வக்கீலுக்குத் தண்டனை வாங்கித் தந்தவன் என்று ஊரில் என்னைப் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆளைப் பார்க்காமல் முத்திரை போடும் அந்தத் தப்பை, அது அக்காவின் வீடு வரை வருமுன்பே, அவரைச் செய்யவைத்துக் கும்பிட்டவர்களில் நானும் ஒருவன் என்பது, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுடுகிறது.